தாத்தா குழல் ஊதிய ஊருக்குத் தனியாகப் போவது எப்படி

பூர்வீக ஊரைத் தேடிக் கிளம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பஞ்சாங்கம். எல்லோரும் கோடை லீவில், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லாத நாளாகப் பார்த்துப் போகிறார்கள். விவசாயக் குடும்பமென்றால் அது சரிப்படும். உங்கள் பாட்டன் மேளக்காரர், அதாவது நாதஸ்வரம், தவில் செட்டில் வாசித்தவர் என்றால் சித்திரை, வைகாசியில் அந்தத் தெருவில் ஆம்பிளை ஆளே கிடைக்காது. முகூர்த்த நாளில் ஒருத்தர் பொள்ளாச்சியில் இருப்பார், ஒருத்தர் ஓசூர் மண்டபத்தில் இருப்பார். வீட்டில் இருக்கிற அம்மா "ராத்திரி வருவாங்க, இல்லாட்டி நாளைக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விடுவார்.

ஆடி, புரட்டாசி, மார்கழி. கல்யாணம் வைக்காத இந்த மாதங்களில் ஒன்றில் போங்கள். மார்கழியில் விடியற்காலைக் கோயில் வேலை இருக்கும், ஒன்பது மணிக்கு மேல் ஆள் ஓய்வாக இருப்பார். பேர்பெற்ற வித்வான்கள் அந்த மாதம் சென்னை சபாக்களுக்குப் போயிருப்பார்கள். நமக்கு வேண்டியவர்கள் அவர்கள் இல்லை என்பதால் கவலை இல்லை. எனக்குப் பிடித்தது ஆடி. மாரியம்மன் கோயில் திருவிழாக்கள் இருப்பதால் சாயங்காலம் பிடிக்க முடியாது, ஆனால் பகலில் திண்ணையில் கிடைப்பார்கள். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்த வருடமென்றால் அதற்குள் வாய்க்காலில் தண்ணீர் வந்திருக்கும். ஊரே நல்ல மனநிலையில் இருக்கும். தண்ணீர் வராத வருடத்தில் பேச்சு முழுக்க அதுவாகவே இருக்கும், உங்கள் தாத்தாவைப் பற்றிக் கேட்க இடமே கிடைக்காது.

நான் கோயம்புத்தூர்க்காரி. ஒரு நூல் மில் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன், ஐம்பதைத் தாண்டிவிட்டேன். தாத்தா குத்தாலம் பக்கத்திலிருந்து மில் வேலைக்கு வந்து சேர்ந்தவர். அதற்கு முன்னால் அவர் ஒரு பெரிய மேள செட்டில் ஒத்து ஊதிக்கொண்டிருந்தார். ஒத்து என்பது பார்ப்பதற்கு நாதஸ்வரம் மாதிரியே இருக்கும் குழல், ஆனால் விரல் வைக்கிற துளை கிடையாது. கீழ்ப்பக்கம் இருக்கிற சில துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதி சேர்ப்பார்கள். பிறகு அந்த ஒரே சுருதியை விடாமல் ஊத வேண்டும், சுவாமி புறப்பட்டதிலிருந்து திரும்பி வரும்வரை. மூச்சை மூக்கால் இழுத்துக்கொண்டே, கன்னத்தில் அடக்கிவைத்த காற்றைக் குழலுக்குள் தள்ளிக்கொண்டே இருப்பது. அது அறுந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அறாமல் இருக்கிறவரை யாரும் பார்க்க மாட்டார்கள். சுருதிப் பெட்டி வந்தது, அந்த வேலை போனது.

நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை மாதிரி ஒருவரின் குடும்பத்தில் பிறந்தவருக்கு இந்தக் குறிப்புகள் தேவைப்படாது. 1898-ல் பிறந்தார், 1956-ல் மறைந்தார், தோடி ராகம் வாசித்தார் என்று எல்லாம் எழுதியிருக்கிறது. ஒலிப்பதிவே இருக்கிறது. ஒத்துக்காரருக்கும் தாளம் போட்டவருக்கும் அப்படி ஒன்றும் கிடையாது. அவர்களைத் தேடிப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கிளம்புமுன் வீட்டில் கேட்பது

"நம்ம ஊர் எது?" என்று கேட்காதீர்கள். "மாயவரம் பக்கம்" என்று பதில் வரும். மாயவரம் என்பது மயிலாடுதுறையின் பழைய பெயர், இரண்டு தாலுகா முழுக்க மாயவரம் பக்கம்தான்.

குலதெய்வம் எது, பெரியவனுக்கு முதல் மொட்டை எங்கே போட்டார்கள் என்று கேளுங்கள். ஊரை விட்டு மூன்று தலைமுறை ஆனாலும் மொட்டைக்குத் திரும்பிப் போயிருப்பார்கள். எந்த ஸ்டேஷனில் இறங்கினார்கள், இறங்கியபின் எந்தக் கையில் திரும்பினார்கள், வழியில் ஆறு உண்டா, ஆற்றைப் பாலத்தில் கடந்தார்களா பரிசலில் கடந்தார்களா என்று கேளுங்கள். சந்தை என்றைக்கு, கடன் கொடுத்தவர் யார், தாத்தா வேலைக்குப் போகும்போது சாப்பாடு எடுத்துப் போனாரா அங்கேயே போட்டார்களா என்றும் கேளுங்கள். ஊர்ப் பெயர் மறந்துபோன அத்தைக்கு இந்த மாதிரி விஷயமெல்லாம் நன்றாக நினைவிருக்கும்.

எங்கள் பெரிய அத்தை ஊர்ப் பெயரையே மாற்றி மாற்றிச் சொன்னாள். ஆனால் நாயனம், அதாவது நாதஸ்வரம், பழுது பார்க்க ஆசாரி வீட்டுக்கு அண்ணனோடு தாத்தா நடந்தே போய்விட்டு மத்தியானச் சோத்துக்குத் திரும்பி வந்துவிடுவார் என்றாள். எனக்கு அது போதும். நாயனம் செய்கிற ஆசாரிகள் என்றால் நரசிங்கம்பேட்டை. அங்கிருந்து போய் வர அரைநாள் நடை என்றால் வட்டம் மிகவும் சுருங்கிவிட்டது.

ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட வேண்டாம். வயதானவர்களுக்கு ராத்திரி படுத்தபிறகுதான் ஞாபகம் வரும். மறுநாள் காலையில் காப்பி நேரத்தில் போய் உட்கார்ந்தால் அவர்களே ஆரம்பிப்பார்கள்.

காகிதம்

இதில் நிறையப் பேர் வீணாக அலைகிறார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிற ஊர் 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம், அதன்பிறகு நாகப்பட்டினம், 2020 கடைசியிலிருந்துதான் மயிலாடுதுறை. திருவாரூர் 1997-ல் தனி மாவட்டமானது. பழைய காகிதம் எந்த ஊர் ஆபீசில் கிடக்கும் என்பது அது எந்த வருடத்துக் காகிதம் என்பதைப் பொறுத்தது. வருடத்தைத் தெரிந்துகொண்டு பிறகு படியேறுங்கள்.

மேளக்காரர்களுக்குக் கோயில் ஊழியத்துக்காக நிலம் விட்டிருந்தார்கள். இந்த மாதிரி மானியங்களை வெள்ளைக்காரன் காலத்தில், 1860-களில், இனாம் கமிஷன் ஊர் ஊராகப் பதிவு செய்தது. அந்த இனாம் பதிவேடுகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1963-ல் சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் வந்து பட்டா நிலமாக மாறியது. செட்டை நடத்திய குடும்பமாக இருந்தால் இதில் பெயர் கிடைக்கலாம். ஒத்துக்காரர் பெயரில் நிலம் விட்டிருக்க மாட்டார்கள்.

எனக்குக் கைகொடுத்தது ஆரம்பப் பள்ளிக்கூடம். பெரியப்பா ஒன்றாம் வகுப்பை அந்த ஊரில் படித்துவிட்டுத்தான் கோயம்புத்தூர் வந்தார். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். பீரோவுக்கு மேலே துணியில் கட்டி வைத்திருந்த சேர்க்கைப் பதிவேட்டை இறக்கச் சொல்லி, தூசியைத் தட்டி, அவரே விரலை வைத்துத் தேடினார். பெரியப்பா பெயர் இருந்தது. பக்கத்துக் கட்டத்தில் "தகப்பனார் தொழில்: ஒத்து". மேளம் என்றோ வித்வான் என்றோ எழுதாமல் அந்தக் காலத்து வாத்தியார் சரியாக எழுதியிருக்கிறார். அவருக்கு வித்தியாசம் தெரிந்திருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் போவதானால் காலையில் பிரேயர் முடிந்தபிறகு போங்கள், அரையாண்டுப் பரீட்சை நேரத்தில் போகாதீர்கள்.

போவதும் தங்குவதும்

கோயம்புத்தூரிலிருந்து மயிலாடுதுறைக்கு ஜன சதாப்தி உண்டு. காலையில் ஏறினால் கரூர், திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக மத்தியானம் கொண்டுபோய் விட்டுவிடும். வாரத்தில் ஒரு நாள் ஓடாது, டிக்கெட் போடும்போது பாருங்கள். சென்னையிலிருந்து என்றால் பகலில் சோழன், ராத்திரி உழவன். திருச்சி தாண்டியபிறகு ஜன்னல் பக்கம் உட்காருங்கள். ஊர்ப் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே போனால் பாதி வித்வான்களின் பெயர் வரிசையாக வரும்.

தங்குவது கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ இருக்கட்டும். ஊரிலேயே தங்கச் சொல்லி வற்புறுத்துவார்கள். முதல் தடவை ஒப்புக்கொள்ள வேண்டாம். சொந்தக்காரர் என்று நிரூபணமாகாமலேயே ஒரு வீட்டில் படுத்து எழுந்தால், அடுத்த வீட்டுக்காரர் உங்களிடம் பேச மாட்டார். தனியாக வருகிற பெண்ணுக்கு ரூம் இல்லை என்று சொல்கிற லாட்ஜ் இன்னும் இருக்கிறது. என்னிடமும் ஒரு இடத்தில் சாவிப் பலகை நிறைய சாவியை மாட்டிவைத்துக்கொண்டே "ஃபுல்லு மேடம்" என்றார்கள். சண்டை போட்டு அங்கேயே தங்குவதில் அர்த்தமில்லை. முன்கூட்டியே போன் பண்ணி "ஒரு ஆள், பெண், மூன்று ராத்திரி" என்று தெளிவாகச் சொல்லிவிட்டால் அந்த வாசலில் நிற்கிற வேலை மிச்சம். குடும்பங்கள் தங்குகிற பரிகாரக் கோயில் லாட்ஜ்கள் பெண்களுக்குத் தோதானவை. காலை நாலு மணிக்கே பக்கத்து அறையில் குளிக்கிற சத்தம் கேட்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்குக் காசு கிடையாது. இதனால் எனக்குக் கிடைத்த லாபம் பணத்தில் இல்லை. எந்த ஊரிலும் சும்மா இறங்கிப் பார்க்கலாம், பிடிக்கவில்லை என்றால் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடலாம். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற அம்மாக்கள்தான் உண்மையான விசாரணை ஆபீஸ். "தனியாவா வந்தீங்க?" என்று எல்லோரும் கேட்பார்கள். இதற்குக் கோபப்படாதீர்கள், பொய்யும் சொல்லாதீர்கள். "எங்க தாத்தா இந்தப் பக்கம் ஒத்து ஊதினவரு, அவரு ஊரைப் பாக்க வந்தேன்" என்று முழுசாகச் சொல்லுங்கள். ஒரு நிறுத்தம் தாண்டுவதற்குள் பின்சீட்டிலிருந்து ஒருத்தர் பெயர் சொல்லுவார்.

முதலில் பட்டறை

ஊருக்குள் நேராகப் போகாமல் தொழில் நடக்கிற இடத்துக்குப் போங்கள். நெசவுக் குடும்பமென்றால் பாவு ஓடுகிற தெரு, பாத்திரக் குடும்பமென்றால் பட்டறை. எனக்கு நரசிங்கம்பேட்டை. கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகிற ரோட்டில் ஆடுதுறை தாண்டியதும் வரும், பக்கத்தில் திருவாவடுதுறை. இந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அதனால் பட்டறைகள் வரிசையாக இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். சில வீடுகள்தான். வெளியிலிருந்து பார்த்தால் மர வேலை நடக்கிற சாதாரணக் கொட்டகை.

நாதஸ்வரம் செய்கிற மரத்துக்கு ஆச்சா என்று பெயர். அதுவும் புது மரம் ஆகாது. பழைய வீடு இடிக்கிறபோது கிடைக்கிற தூண், உத்திரம், விட்டம், இவற்றைத் தேடி வாங்குகிறார்கள். பல வருடம் காய்ந்து ஈரம் சுத்தமாகப் போன கட்டைதான் வெடிக்காது, சுருங்காது. நான் போன அன்று சுவரோரம் ஒரு விட்டம் சாய்த்து வைத்திருந்தார்கள். அதில் ஒரு பக்கம் இரும்பு வளையம் அடித்த ஓட்டை. ஊஞ்சல் தொங்கிய விட்டம். அதையும் அறுத்துக் கடைசல் போட்டு, நீளத் துரப்பணத்தால் உள்ளே குடைந்து குழலாக்கிவிடுவார்கள். அந்த ஓட்டை வருகிற துண்டை மட்டும் ஒதுக்குவார்களாம்.

மேலே ஏழு துளை விரலுக்கு, கீழே ஐந்து துளை சுருதிக்கு. அடியில் புனல் மாதிரி விரிகிற பகுதிக்கு அணசு என்று பெயர். வாயில் வைக்கிற சீவாளி தனிக் கை வேலை, காவிரிக் கரையில் விளைகிற நாணல் தட்டையில் செய்வது. அதை விற்கிறவர் வேறு, குழல் விற்கிறவர் வேறு. பெரியவரிடம் ஒத்து செய்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று கேட்டேன். ஆர்டர் வந்தால் செய்வேன், யார் கேட்கிறார்கள் என்றார். பிறகு உள்ளே போய்ப் பழசு ஒன்றை எடுத்து வந்து காட்டினார். அதைக் கையில் வாங்கினேன். நான் நினைத்ததைவிடக் கனம். இதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாலு வீதியும் நடந்தவர் மில்லில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்த்ததில் ஆச்சரியமில்லை என்று பட்டது.

பட்டறையில் ஒன்றைக் கவனியுங்கள். வாத்தியம் வைத்திருக்கிற இடத்துக்குச் செருப்போடு போகக் கூடாது. கேட்காமல் தொடக் கூடாது. குழலை வாயில் வைத்துப் பார்க்கிற ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள், சீவாளி ஒருத்தர் எச்சில் பட்டது. வேலை நேரத்தில் அரைமணிக்கு மேல் நிற்காதீர்கள்.

ஊரில் யாரைக் கேட்பது, எதைக் கேட்பது

எங்கள் ஊர்ப் பெயரை இங்கே எழுதவில்லை. மேளக்காரத் தெருவில் மிச்சமிருப்பது சில வீடுகள்தான், ஆளாளுக்குப் போய்க் கதவைத் தட்ட வேண்டாம்.

எந்த ஊரானாலும் முதலில் டீக்கடை வேண்டாம். அங்கே விஷயம் தெரிந்தவரைவிடப் பேசப் பிடித்தவர்கள் அதிகம். கோயில் குருக்கள், பூக்கட்டுகிற அம்மா, போஸ்ட்மேன் என்ற வரிசையில் போங்கள். "எந்தத் தெரு?" என்று கேட்பார்கள். அது சாதியைக் கேட்கிற மரியாதையான வழி. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பதில் சொல்லாமல் அந்த ஊரில் பழைய வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது என்பதும் நிஜம்.

பெரியவர் ஒருவரைப் பார்க்கப் போகும்போது வெற்றிலை, பாக்கு, பழம் வாங்கிக்கொள்ளுங்கள். கும்பகோணம் வெற்றிலை இருக்கிற ஊரில் பிளாஸ்டிக் டப்பா ஸ்வீட்டோடு போகக் கூடாது. பணம் கொடுப்பதானால் கிளம்பும்போது, வெற்றிலைத் தட்டில் வைத்து, அவர் மனைவி கையில். பேச ஆரம்பிக்குமுன் நோட்டுப்புத்தகத்தை எடுக்காதீர்கள். போனில் குரலைப் பதிவு செய்வதானால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், வீடியோ வேண்டாம். கேமராவைப் பார்த்ததும் எல்லோரும் மேடைப் பேச்சுக்குப் போய்விடுகிறார்கள், "கலைக்குச் சேவை" என்றெல்லாம் ஆரம்பித்துவிடுவார்கள்.

நான் பார்த்தவர் தவில்காரர், எண்பதைத் தாண்டியவர். வலது கை விரல்களில் கூடு மாட்டி மாட்டி விரல் நுனி தடித்துப்போயிருந்தது.

"நீங்க யாரு வூடு தாயி?"

சொன்னேன். கோயம்புத்தூர் மில் என்றதும் திண்ணையில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒத்துக்காரரு பேத்தியா? நான் சின்னப் பையன். அவரு ஊதறப்ப கன்னத்துல குத்திப் பாப்போம், ஒடையுதான்னு. ஒடையாதே."

இதற்குமேல் நான் "அவர் பெரிய கலைஞரா அய்யா?" என்று கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடிக்க ஆரம்பித்திருப்பார். நான் கேட்டது வேறு. ராத்திரி உற்சவம் முடிந்து எப்படித் திரும்பி வருவீர்கள்? வண்டியில் யார் எங்கே உட்காருவார்கள்? சாப்பாடு எல்லோருக்கும் ஒரே பந்தியிலா? காசு எப்படிப் பிரிப்பீர்கள்?

இதற்கெல்லாம் அவர் மத்தியானம்வரை பதில் சொன்னார். நாயனத்துக்கும் தவிலுக்கும் பேசின பணம், ஒத்துக்கும் தாளத்துக்கும் கொடுத்த பணம் என்றார். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, சட்டையில்லாமல், பெரிய மனிதர் வீட்டு வாசலில் நின்றுகொண்டே வாசித்த காலம் அது. ராஜரத்தினம் பிள்ளை கோட்டுப் போட்டு மேடையில் உட்கார்ந்து வாசித்து அதை உடைத்தார் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் உட்கார்ந்தபிறகும் ஊர்க் கோயில்களில் ஒத்துக்காரர் கொஞ்ச காலம் நின்றுகொண்டுதான் இருந்தார் என்பதைத் தவில்காரர் சொல்லித்தான் கேட்டேன். வண்டியில் வாத்தியங்களுக்கு வைக்கோல் மேல் இடம், தாத்தாவுக்குப் பின்னால் காலைத் தொங்கப் போட்டுக்கொள்கிற இடம். கூலி கட்டாததால்தான் மில்லுக்குப் போனாரா என்றேன். "கூலி யாருக்குக் கட்டுச்சு தாயி. அவருக்கு இருமல் வந்துருச்சு. ஒத்துக்காரரு இருமக் கூடாதே" என்றார். ஐம்பது வருடமாக எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத விஷயம் இது. பஞ்சு தூசிக்குள் போய் மீதிக் காலத்தையும் இருமிக்கொண்டே கழித்தார் அந்த மனிதர்.

தொழில் என்னவாக இருந்தாலும் இதே கேள்விகள்தான். கூலி, சாப்பாடு, வண்டி, உடம்பு. பெருமையைக் கேட்டால் எல்லா ஊரிலும் ஒரே பதில் கிடைக்கும்.

பெண்கள் பக்கத்துக் கதை

இசைக் குடும்பங்களில் தேடப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை தனியாகச் சொல்ல வேண்டும். ஆண்கள் வரிசை ஒரு இடத்தில் நின்றுபோய், அதற்கு மேலே ஒரு பாட்டியின் பெயர் மட்டும் இருக்கும். அவரைப் பற்றிக் கேட்டால் அத்தைமார்கள் சட்டென்று எழுந்து போவார்கள். கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டித் தேவதாசியாக விடுவதைச் சென்னை மாகாணத்தில் 1947-ல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். அந்தக் குடும்பங்கள் பல, ஊர், பெயர், தொழில் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு பேச்சையே நிறுத்திவிட்டன. அந்தப் பேச்சை நிறுத்தியதற்கு அவர்களுக்குக் காரணம் இருந்தது. உங்களுக்குத் தெரிந்தால் தெரிந்ததோடு வைத்துக்கொள்ளுங்கள், உயிரோடு இருக்கிறவர்கள் சம்மதமில்லாமல் பெயரைப் போட்டு எழுதாதீர்கள். வற்புறுத்திக் கேட்காதீர்கள். ஒருநாள் பாத்திரம் துலக்கும்போது அவர்களே சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படி மனசு கனத்த நாளில் திருவையாறுக்கு ஒரு நடை போய்வாருங்கள். தியாகராஜர் 1847-ல் காலமானவர். அவருடைய சமாதியில் இன்று நாம் பார்க்கிற கோயிலைத் தன் சேமிப்பைச் செலவழித்துக் கட்டியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி மரபில் வந்தவர். பெண்கள் அங்கே பாடக் கூடாது என்றிருந்த காலத்தில் பெண்களைத் திரட்டிப் பாடவைத்தவர். 1952-ல் மறைந்தார், அவர் சமாதியும் அங்கேயே பக்கத்தில் இருக்கிறது. தை மாத வாக்கில் வருகிற ஆராதனைக்குப் போகச் சொல்ல மாட்டேன். பஞ்சரத்தினம் பாடுகிற கூட்டத்தில் டி.வி. கேமராவைத்தான் பார்க்க முடியும். சாதாரண ஒரு செவ்வாய், புதனில் போனால் படித்துறையில் துணி துவைக்கிறவர்களும் நீங்களும்தான். திரும்பும்போது அசோகா வாங்கிக்கொள்ளுங்கள். பாசிப்பருப்பில் செய்கிற அல்வா, சூடாக வாழை இலையில் கேட்டு வாங்குங்கள்.

கோயிலில் கேட்பது

இசையைக் கேட்க சபாவுக்கோ பெரிய உற்சவத்துக்கோ போக வேண்டாம். உங்கள் ஊரில் தினசரி பூஜைக்குப் போய் நில்லுங்கள். காலை சந்தியா? சாயரட்சையா? அர்த்தஜாமமா? மேளம் எதற்கு வருகிறது என்று குருக்களிடம் முதல் நாளே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். பல கோயில்களில் மோட்டார் வைத்த முரசும் மணியும் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். சுவிட்சைப் போட்டால் தகரத்தில் கல் கொட்டுகிற சத்தம். அதை முதலில் கேட்டுவிட்டு அடுத்த ஊர்க் கோயிலில் ஆள் வாசிப்பதைக் கேளுங்கள்.

நான் கேட்ட கோயிலுக்கு வாசிக்கிறவர் மொபெட்டில் வந்தார். ஹேண்டில்பாரில் காய்கறிப் பை, தோளில் துணி உறையில் நாயனம். துண்டை இடுப்பில் கட்டினார், சீவாளியை நாக்கில் வைத்து ஈரப்படுத்தி இரண்டு தடவை கீச்சென்று ஊதிப் பார்த்தார், திரை விலகியதும் ஆரம்பித்தார். தவிலுக்கு ஆள் இல்லை. அர்த்தஜாமம் என்பதால் நீலாம்பரி ராகம். நாலைந்து நிமிடம் இருக்கும். கேட்க குருக்கள், நான், சுண்டலுக்கு நின்ற இரண்டு பையன்கள். சுருதிக்கு அவர் சட்டைப் பையில் போனை வைத்து அதில் செயலியை ஓட விட்டிருந்தார். நடுவில் அதில் யாரோ அழைத்தார்கள், சுருதி நின்றது, அவர் நிற்கவில்லை.

சுவாமி புறப்பாடு இருக்கிற நாள் கிடைத்தால் விடாதீர்கள், மல்லாரி அன்றைக்குத்தான் கேட்கும். கம்பீர நாட்டையில் தவில் முன்னால் போக நாயனம் தொடருகிற அந்த வாசிப்புக்கு வார்த்தை கிடையாது, பாட்டாகப் பாட முடியாது. சுவாமி வாசல் தாண்டுகிறபோது பக்கத்தில் நில்லுங்கள், ரொம்பப் பக்கத்தில் வேண்டாம், காது ரெண்டு நாளைக்கு அடைத்துக்கொள்ளும். நாதஸ்வரம் பற்றிக் கொஞ்சம் கற்றுக்கொண்டு போக விரும்பினால் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாதஸ்வரம், தவில், தேவாரம் மூன்றும் சொல்லிக் கொடுக்கிறார்கள். வகுப்பு நேரத்தில் அனுமதி கேட்டு ஓரமாக உட்கார்ந்து கேட்கலாம். பிள்ளைகள் தப்பாக வாசித்து வாத்தியார் திருத்துகிறபோதுதான் என்னைப் போன்றவர்களுக்கு ராகம் பிடிபடுகிறது.

திரும்பி வந்தபிறகு

பதிவு செய்த குரலை வந்த வாரத்திலேயே எழுதிவிடுங்கள். அவர் சொன்ன பேச்சுவழக்கை "திருத்தி" எழுதாதீர்கள், வூடு வூடாகவே இருக்கட்டும். வீட்டில் அத்தைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள், நடுநடுவே அவர்கள் மறுத்துச் சொல்வதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இருமல் விஷயத்தை என் அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டையும் எழுதிவைத்திருக்கிறேன்.

எடுத்த போட்டோக்களை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று இருக்காதீர்கள். பேரனின் போனுக்குப் போன படம் பெரியவர் கண்ணில் படாது. ஸ்டுடியோவில் கொடுத்து பெரிய அளவில் பிரிண்ட் போட்டு, அட்டை வைத்து, ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். விலாசத்தில் தெருப் பெயரும் பின்கோடும் சரியாக இருக்க வேண்டும், ஊரில் இருக்கும்போதே போஸ்ட்மேனிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பிரதி. பட்டறைக்கு அனுப்பும்போது அந்தப் பழைய ஒத்து தனியாகத் தெரிகிற படத்தையும் சேர்த்து வையுங்கள், ஆர்டர் கேட்டு யாராவது வந்தால் அவர்களுக்குக் காட்ட உதவும்.